ஊர் ஊரா, கவுண்ட்டர் கவுண்ட்டரா

அழுகறேன்னு நெனச்சுக்காதீங்கக்கா. எனக்குக் கோவம் வந்தா கண்ணுல தண்ணி வந்துரும், சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அந்தச் சன்னலைச் சித்த சாத்திக்கட்டுங்களா, காத்து மூஞ்சில அடிக்குது. நீங்களும் ஈரோடுதானுங்களா? நல்லதாப் போச்சு. காங்கேயத்துல இருந்து ஈரோடு வரைக்கும் வாய மூடிட்டு வந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும்.

சிவன்மலையில ஒரு மொட்டை, காதுகுத்து. அங்க போயிட்டுத்தான் வர்றேன். கூப்புடாத விசேசங்க. ஆபீஸ்ல அத்தனை பேருக்கும் பத்திரிகை வந்திருக்குது. செக்யூரிட்டிக்கு வந்திருக்குது, டீ கொண்டாந்து தர்றவருக்கு வந்திருக்குது. எனக்கு மட்டும் வரலை. அக்கவுண்ட்ஸ்ல கனகவல்லின்னு ஒரு அக்கா, அவங்க போனைப் பாத்துத்தான் எனக்கே தெரியும். சரி, கூப்புடாட்டிப் போகுது, நாம போவோம், நேருக்கு நேர் ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வந்துருவோம்னு காலைல கெளம்பிட்டேன். குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிட்டுத்தான் போனேன். வெறுங்கையோட போற ஆளில்லை நான்.

யாரு வீட்டு விசேசம்னு கேக்கறீங்களா? ஜெயசுதான்னு பேரு. என்ற கூட வேலை பாத்தவ. கூட வேலை பாத்தவன்னா சும்மா இல்லீங்க, ரெண்டு பேரும் ஒரே வருசம் சேந்தோம். பக்கத்துப் பக்கத்துச் சீட்டு. அவ கொண்டாற சோத்துல பாதி எனக்கு, நான் கொண்டாறதுல பாதி அவளுக்கு. என்ற வீட்டுக்காரரு ஆக்சிடெண்ட்டாயி ஆஸ்பத்திரில கெடந்தப்ப எனக்குச் சோறு கொண்டாந்தது அவதான். அதையெல்லாம் நான் மறக்கலை. மறந்தவ அவ.

நாங்க மருந்துக்கடைக் கம்பெனிங்க. பேரு வேண்டாம், நீங்க அங்கயே மாத்திரை வாங்கறவங்களா இருப்பீங்க. பவானி, கோபி, பெருந்துறை, தாராபுரம்னு நம்ம பக்கம் பூராக் கிளை இருக்குது. தலைமை ஆபீஸ் ஈரோடு. அங்க கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல நானும் அவளும், எங்களுக்கு மேல பாலதண்டாயுதம்னு ஒரு மேனேஜர். அவ்வளவுதான் செக்‌ஷனே.

மருந்து வெலை தெனமும் மாறுமுங்க. நேத்து ஒரு வெலை, இன்னிக்கு ஒரு வெலை. காலைல கடை தொறக்கறதுக்குள்ள அந்தப் புது வெலையை ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு கவுண்ட்டர் கம்ப்யூட்டர்லயும் ஏத்தோணும். முந்தின நாள் பில்லை எடுத்துக்கோணும். பில் போடற புரோகிராமை நிறுத்தி மறுக்காத் தொடங்கோணும். மூணே வரிக் கட்டளைதான். ஈரோட்ல உக்காந்தபடியே கருப்புத் திரையில அடிச்சா அங்க நடக்கும். மூணு வரி அடிக்கறது பெரிய வித்தையான்னு நீங்க கேப்பீங்க. பவானி ஒண்ணாவது கவுண்ட்டர், மூணு வரி. பவானி ரெண்டாவது கவுண்ட்டர், அதே மூணு வரி. பவானி மூணு. பொறகு கோபி ஒண்ணு. கோபி ரெண்டு. இப்படியே ஊரெல்லாம் சுத்தி வந்து சேர்றதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுரும். சின்ன ஊர்னா ரெண்டு கவுண்ட்டர், பெரிய ஊர்னா அஞ்சு. இதுதான் சுதாவோட வேலை. விடியறப்பவே வந்து உக்காந்துக்குவா. தலையத் தூக்காம அடிப்பா. நான் போறப்பப் பாதி ஊரு முடிஞ்சிருக்கும். நான் சர்வர், நெட்வொர்க்கு, அந்த மாதிரி வேலை பாக்கறவ. நாங்க கத்துக்கிட்டது வேற. அத வெச்சு நான் அவளை ஒரு நாளும் கொறச்சுப் பேசுனதில்லை.

அவ மாசமாயிருந்தா. பிரசவ லீவுன்னா ஆறு மாசம். அவ எடத்துக்கு யாரைப் போடறதுன்னு மேனேஜரு யோசிச்சாரு. வெளிய இருந்து ஒரு ஆளை எடுத்துக்கலாம்னாரு. நான்தானுங்கக்கா குறுக்க போனேன். வெளியாள் வந்து உக்காந்தா இவ திரும்பி வர்றப்ப சீட்டு இருக்குமோ இருக்காதோ. அதனால நானே பாத்துக்கறேனுங் சார்னு சொன்னேன். அவ வெசனப்படாமப் பெத்துப் பொழைச்சு வரட்டும்னு. இத யாராச்சும் இன்னிக்குப் பேசறாங்களா? பேச மாட்டாங்க.

ரெண்டு வாரம் அடிச்சேன். அவளாட்டவே விடியறப்பப் போயி உக்காந்து அடிச்சேன். மணிக்கட்டு வீங்கிப் போச்சு. ஒரு நாள் கோபிக்கு ரெண்டு தடவை ஏத்திப்போட்டு பெருந்துறையை விட்டுட்டேன். பெருந்துறைக் கடைக்காரரு போன்ல கத்துனாரு, பழைய வெலைக்கே வித்துட்டு இருக்கறோமேன்னு. மேனேஜரு முன்னால நான் தலை குனிஞ்சு நின்னேன். எனக்கு வந்துதுங்க கோவம். இது மனுசங்க செய்யற வேலையா? ஒரே வரியை ஊரை மட்டும் மாத்தி, கவுண்ட்டரை மட்டும் மாத்தி, செக்குமாடாட்ட. அன்னிக்கு மத்தியானமே, கம்ப்யூட்டரே தானா அதச் செய்யற மாதிரி எழுத உக்காந்துட்டேன்.

உங்களுக்குப் புரியற மாதிரிச் சொல்றேன். எலெக்‌ஷன் வந்தா பூத் சீட்டுக் குடுக்க வருவாங்கல்ல, எப்படி வருவாங்க? தெருத்தெருவா, வீடுவீடா. ஒரு தெருவுக்குள்ள நுழைஞ்சா அந்தத் தெருவுல இருக்கற வீட்டையெல்லாம் முடிச்சுட்டுத்தான் அடுத்த தெரு. அதேதான். வெளிய ஒரு சுத்து, அதுக்குள்ள இன்னொரு சுத்து. வெளிச்சுத்து ஊரு, உள்சுத்து கவுண்ட்டர். ஒரு ஊரை எடுத்துக்கோ, அந்த ஊர்ல இருக்கற கவுண்ட்டரை ஒவ்வொண்ணா எடுத்துக்கோ, ஒவ்வொண்ணுக்கும் இந்த மூணு வரியைச் செய்யி, கவுண்ட்டர் தீந்துபோச்சுன்னா அடுத்த ஊருக்குப் போ. கம்ப்யூட்டர் பாசையில ஃபார்னு ஒரு வார்த்தை போட்டு ஆரம்பிச்சு, முடிஞ்சுதுங்கறதுக்கு டன்னுன்னு போட்டு முடிக்கோணும். ஒரு ஃபாருக்குள்ள இன்னொரு ஃபார் இருக்கறதால கடைசில ரெண்டு டன்னு வரும். ஒரு கைப்புடி எழுத்துங்க மொத்தமே. ஒரு போஸ்ட்கார்டுல எழுதிரலாம்.

மொதல்ல வரலை. ஊருக்கும் கவுண்ட்டருக்கும் நான் ஒரே பேரை வெச்சுட்டேன், அவசரத்துல. உள்ள போனதும் கவுண்ட்டர் நம்பரு ஊர்ப் பேரை அழிச்சுப்போடுச்சு. எந்த ஊருன்னே தெரியாம ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மட்டும் நிக்குது. நல்லவேளை, நேரா ஓட்டிப் பாக்கலை, நான் அவ்வளவு முட்டாள் இல்லீங்க. முன்னால எக்கோன்னு ஒரு வார்த்தை போட்டா, கட்டளையைச் செய்யாது, என்ன செய்யப் போறேன்னு திரையில எழுதி மட்டும் காட்டும். அதைப் பாத்து, பேரை மாத்தி, ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை கவுண்ட்டர்னு தனியா எழுதிக் குடுத்து, மறுக்கா எக்கோ போட்டுப் பாத்தேன். வரிவரியா வந்து நிக்குதுங்க. பவானி ஒண்ணு, பவானி ரெண்டு, பவானி மூணு, கோபி ஒண்ணு. அப்படியே நூல் புடிச்சாப்பல.

மறுநாள் காலைல எக்கோவை எடுத்துட்டு நெசமாவே ஓட விட்டேன். டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அத்தனை ஊரும். நான் கையக் கட்டிட்டுப் பாத்துட்டே இருந்தேன். எனக்குச் சிரிப்பா வந்துது. அப்ப யாருக்குப் போன் போட்டேன்னு நெனைக்கறீங்க? வீட்டுக்காரருக்கா? மேனேஜருக்கா? சுதாவுக்குத்தானுங்க. நீ இனிமே விடியறப்ப எந்திரிச்சு ஓடி வரவேண்டியதில்லை புள்ள, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு நீ மெதுவா வந்தாப் போதும்னு சொன்னேன். அவளுக்கு அது புரியலை. என்னமோ சொல்றயே, நேர்ல வந்து காட்டுன்னா.

போனேன். அப்ப அவ அம்மா வீட்ல, சித்தோட்ல இருந்தா. குழந்தை பொறந்து நாப்பது நாள் இருக்கும். பொம்பளப்புள்ள, இளமதின்னு பேரு. குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே நான் லேப்டாப்புல காட்டறதப் பாத்தா. எக்கோ போட்டு ஓட்டிக் காட்டுனேன். ஊரெல்லாம் ஓடி முடிஞ்சு திரை நின்னுது. அவ தட்டறதையும் நிறுத்திட்டா. அவ மொகத்துல ஒரு சந்தோசம் இல்லீங்கக்கா. நான் அவ்வளவு தூரம் வண்டியெடுத்துட்டுப் போயிருக்கறேன்.

"சார்கிட்டக் காட்டிட்டயா?"ன்னு கேட்டா.

"இன்னும் இல்லை. மாசக் கூட்டத்துல காட்டலாம்னு இருக்கறேன்."

"காட்டாத புள்ள. நான் வந்து சேந்துக்கறேன். பொறகு ரெண்டு பேருமாச் சேந்து காட்டலாம்."

கேட்டீங்களா? ரெண்டு பேருமாச் சேந்து. எழுதுனது நானு. மணிக்கட்டு வீங்குனது எனக்கு. பெருந்துறைக்காரன்கிட்டப் பேச்சு வாங்குனது நானு. படுத்துட்டு இருந்தவளுக்கு அதுல பாதி வேணுமாமா. வெளிய சொல்லலை, சரி புள்ளன்னுட்டு வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் எனக்கு அதே நெனப்பு. இத்தனை வருசப் பழக்கத்துல ஒருத்தி நல்லா வந்தா இன்னொருத்திக்குப் பொறுக்காதுங்கறத அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

காட்டுனேன். ஏன் காட்டக் கூடாது? திருடியா வெச்சிருக்கேன்? மாசக் கூட்டத்துல பெரிய திரையில போட்டுக் காட்டுனேன். முதலாளி மகன்கூட வந்திருந்தாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. பாலதண்டாயுதம் சார் எந்திரிச்சு நின்னு, இத்தனை நாள் நாம இத யோசிக்காமயே இருந்துட்டமேன்னாரு. எனக்குச் சீனியர்னு போடறோம்னாங்க, ஆர்டர் கைக்கு வர்றதுக்குத்தான் மாசக்கணக்காச்சு. சீனியர்னா என்ன, சம்பளத்துல பெருசா ஒண்ணும் வித்தியாசமில்லை. மேசையில பேரு போட்ட ஒரு பலகை வெச்சாங்க, அவ்வளவுதான். அதுக்கு இத்தனை பேரு வயிறெரியறாங்க.

லீவு முடிஞ்சு சுதா வந்தா. அவ சீட்டு அப்படியேதான் இருந்துது, ஒருத்தரும் உக்காரலை, நான் உக்கார விடலை. கொஞ்சம் ஃபைல் கட்டு வெச்சிருந்தேன், அத எடுத்துக் குடுத்துட்டேன். அவ வந்து உக்காந்தா. ஆனா அவளுக்குச் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை. மெசினை ஆன் பண்ணுவா, பாத்துட்டே இருப்பா. நான்கூடச் சொன்னேன், ஏம் புள்ள, சும்மா இருந்து சம்பளம் வாங்கக் கசக்குதா, நிம்மதியா இரு, ஏதாச்சும் படிச்சுக்கோன்னு. என்னைத் திரும்பிப் பாத்தா. ஒரு வாரம் அப்படியே போச்சு.

பொறகு மேனேஜரு கூப்புட்டாரு. தாராபுரம் கிளையில பில் போட ஆளில்லை, அங்க போங்கன்னுட்டாரு. கைக்குழந்தைக்காரி ஈரோட்ல இருந்து தாராபுரம் தெனம் போயிட்டு வர முடியுமா? பால் குடிக்கற குழந்தைய யாருகிட்ட விட்டுட்டுப் போறது? முடியாதுங்கறது அந்த மனுசனுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் போட்டாரு. வேலையை விட்டு நிறுத்துனா கேள்வி வருமில்ல, மாத்திட்டா அவங்களே போயிருவாங்க. அந்த மாதிரி ஆளு அவரு. வெள்ளைச் சட்டையும் விபூதியுமா இருப்பாரு, மனசு பூரா நஞ்சு. நான் போயி சார் இது நல்லாருக்காதுங்கன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னிக்குன்னு பாத்து எனக்கு அந்தச் சீனியர் ஆர்டர் கைக்கு வர்ற நாளு. நாளைக்குப் பேசிக்கலாம்னு விட்டேன். மறுநாளே அவ எழுதிக் குடுத்துட்டா.

போறப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்கக்கா. டப்பாவைக் கழுவிப் பையில வெச்சா. டிராயரைத் தொறந்து ஒரு சீப்பு, ஒரு சாமி படம் எடுத்துக்கிட்டா. கனகவல்லி அக்காகிட்டப் போயிட்டு வர்றேன்னா. என்ற பக்கம் திரும்பலை. நான் அங்கயே நிக்கறேன். பொறகு போன் போட்டா எடுக்கலை. மெசேஜ் போட்டாப் பாக்கறது தெரியுது, பதில் இல்லை. அவ ஈரோட்டு வீட்டக் காலி பண்ணிட்டு மாமியா வீட்டுக்குக் காங்கேயம் வந்துட்டதுகூட அடுத்தவங்க சொல்லித்தான் தெரியும். அவ வீட்டுக்காரரு குமரவேலு ஈரோட்ல பிரிண்டிங் பட்டறையில இருக்கறாரு, அவரு அங்கயே ரூம்ல தங்கிட்டு வாரத்துக்கு ஒருக்கா வந்து குழந்தையைப் பாத்துட்டுப் போறாராமா. ஒரு சம்பளத்துல வாடகை கட்ட முடியலையாமா. அது அவங்க குடும்ப விசயம், அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

ஆபீஸ்ல நடக்கறதச் சொல்லோணுமே. மத்தியானம் நான் டப்பாவைத் தொறந்தா கனகவல்லி அக்கா போன் வந்துதுன்னு எந்திரிச்சுப் போயிருது. மத்தவங்க அவங்கவங்க சீட்டுலயே சாப்புட்டுக்கறாங்க. வாய் விட்டு ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்லை. சொன்னாத்தான் நான் பதில் சொல்லலாமே. என்ற தப்பு என்னன்னு ஒருத்தி சொல்லட்டும். வேலையைச் சுளுவாக்குனது தப்பா? அம்மியில அரைச்சுட்டு இருந்தவங்களுக்கு மிக்ஸி வந்தா வேண்டாம்னா சொன்னாங்க?

அதான் இன்னிக்குப் போனேன். பஸ்ல போறப்பவே ஒவ்வொண்ணுக்கும் பதில் தயார் பண்ணிட்டேன். அவ மாமியா இப்படிக் கேட்டா நான் இப்படி. குமரவேலு இப்படிக் கேட்டா நான் இப்படி. நாலு பேரு முன்னால கேக்கட்டும், நாலு பேரு முன்னாலயே சொல்றேன்னு.

மண்டபத்து வாசல்ல சுதா நிக்கறா. பட்டுப்பொடவை கட்டி, எளைச்சுப் போயி. என்னைப் பாத்தா. பாத்துட்டு, "வாங்க"ன்னா.

வாங்கங்கறா. நம்ம பக்கம் நாய்க்குக்கூட 'ங்க' போடுவோம், அது எனக்குத் தெரியாததா. ஆனா அவ என்னை ஒரு நாள் அப்படிக் கூப்புட்டதில்லீங்கக்கா. வா புள்ள, ஏம் புள்ள, எங்க புள்ள போய்த் தொலைஞ்ச, இதுதான் எங்க பேச்சு. கையக் கூப்பி வாங்கன்னு சொல்லிட்டு, பின்னால வந்தவங்களையும் அதே மாதிரி வாங்கன்னா. எனக்கும் அதே வாங்க, அவங்களுக்கும் அதே வாங்க.

அவ மாமியா வந்துது. சரி, ஆரம்பிக்கப் போகுதுன்னு நான் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு நின்னேன். அந்தம்மா என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிச்சு. "நீதான் கோகிலவாணியா கண்ணு? எம் மருமக லீவுல இருக்கறப்ப அவ வேலையெல்லாம் நீதான இழுத்துப்போட்டுச் செஞ்ச. ஒரு நாள்கூட நிம்மதி கெடாமப் பாத்துக்கிட்டயாமா. சுதா சொல்லிச்சு. மொதப் பந்திலயே சோறு உண்டுபோட்டுத்தான் போகோணும்"னு சொல்லி, சொந்தக்காரங்களையெல்லாம் கூப்புட்டுக் கூப்புட்டுக் காட்டுச்சு, எம் மருமகளோட சினேகிதின்னு. அந்தச் சனம் பூரா என்னைப் பாத்துச் சிரிக்குது. குமரவேலு நாக்காலி தூக்கிட்டு வந்து ஃபேனுக்கு அடியில போட்டாரு.

எனக்கு ஒண்ணும் புரியலை. சுதா வேலையை ஏன் விட்டுதுன்னு மெதுவா அந்தம்மாகிட்டயே கேட்டேன். அதுக்கு அந்தம்மா, புள்ளையவிட வேலை பெருசான்னு அவளே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா கண்ணு, யாரு சொல்லியும் கேக்கலைன்னு பெருமையாச் சொல்லுது.

அப்ப ஆபீஸ்ல நடந்தத இவ ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. கட்டுனவன்கிட்டகூடச் சொல்லலை. பாத்தீங்களா எவ்வளவு அழுத்தம்னு. என்னைக் காப்பாத்தி விடறாளாமா. யாரு கேட்டா? நான் என்ன கொலையா பண்ணேன், மறைச்சு வெக்கறதுக்கு? நான் ஒவ்வொண்ணுக்கும் பதில் வெச்சிருக்கறேன், கேள்வி கேக்க ஒரு ஆளில்லை. எலையில வடை பாயாசம் வெக்கறாங்க, அப்படியே எலைய மூடிட்டு எந்திரிச்சுட்டேன்.

விடலைங்க நான். குழந்தைக்கு மொட்டையடிச்சுக் காது குத்தி முடிஞ்சு, சந்தனத்தைப் பூசி, அது வீல்னு கத்திட்டு இருக்குது. கை கழுவற எடத்துக்குப் பக்கத்துல சுதா குழந்தையை வெச்சுத் தட்டிட்டுத் தனியா நின்னா. நேரா போனேன்.

"என்ற மேல கோவம்னா வாய் விட்டுத் திட்டிரு."

"கோவம் எதுக்குங்க?"

"எங்கிட்ட ங்க போடாத."

அவ குழந்தையை அடுத்த தோளுக்கு மாத்துனா. கொலுசு போட்டிருந்தாங்க, நான் வாங்கிட்டுப் போன கொலுசு. பொறகு மெதுவாத்தான் சொன்னா, குரலை ஒசத்தலை.

"தாராபுரம் போகச் சொன்னப்ப நான் சார்கிட்டக் கேட்டேன். அது ஓடறப்பப் பக்கத்துல ஒரு ஆள் இருந்து பாக்கோணுமில்லீங் சார், கோகிலாவுக்கு வேற வேலை இருக்குது, அத நான் பாத்துக்கறேன்னேன். அதுக்கு அவரு, ஒருத்தரே போதும்னு கோகிலவாணி அன்னிக்குக் கூட்டத்துலயே சொல்லிட்டாங்களேன்னாரு. நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

சொன்னேனுங்கக்கா. சொன்னேன். உங்ககிட்ட எதுக்கு மறைக்கறேன்? ஆனா எப்படிச் சொன்னேன்னு ஒரு ஆள் கேக்கோணுமில்ல. எல்லாரும் கை தட்டிட்டு இருக்கறாங்க. முதலாளி மகன் என்னைப் பாத்துச் சிரிக்கறாரு. மேனேஜரு கேக்கறாரு, இப்ப இந்த வேலைக்கு எத்தனை பேருங்க வேணும்னு. நான் சிரிச்சுட்டே, ஒருத்தரே போதுமுங்க சார், அந்த ஒருத்தருக்கும் வேலை இருக்காதுன்னேன். அது நான் எழுதுனதப் பத்திச் சொன்னது. ஆளைப் பத்திச் சொன்னதா? நல்லா ஆக்கிப்போட்டு, ஒரு கரண்டி எண்ணெயே போதும்னு சொல்றதில்லையா நாம, அந்த மாதிரி ஒரு பெருமைக்குச் சொன்னது. அந்த மனுசன் அத எடுத்துக் கத்தியாக்கிட்டாரு. தப்பு யாரோடது?

இதையெல்லாம் அந்த எடத்துல நின்னு வெளக்க முடியுமா? ஒரு பக்கம் மேளம் அடிக்கறாங்க, ஒரு பக்கம் குழந்தை கத்துது, எச்சிக் கையோட சனம் வந்துட்டே இருக்குது. அதனால, நான் அப்படிச் சொல்லவே இல்லை புள்ள, அந்தாளு பொய் சொல்றாருன்னுட்டேன். வேற என்ன சொல்றது?

அவ என்னைப் பாத்துட்டே நின்னா. "அப்படீங்களா. சரிங்க"ன்னா. தாம்பூலம் வாங்கிட்டுப் போங்கன்னா. அவ்வளவுதான், திரும்பிப் போயிட்டா.

நம்பலீங்கக்கா அவ. மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? இத்தனை வருசம் ஒண்ணாச் சாப்புட்டவ சொல்றத நம்பமாட்டா, அந்த விபூதிக்காரன் சொல்றத நம்புவா. அதுதான் எனக்கு ஆத்தரம் தாங்கலை. பைய எடுத்துட்டு வெளிய வந்து, எந்தப் பஸ்ஸுன்னுகூடப் பாக்காம ஏறிட்டேன். கண்டக்டரு டிக்கெட் கேட்டப்பத்தான் ஈரோட்டுப் பஸ்ஸுன்னே தெரியும்.

என்னங்க? அந்தப் புள்ளை இப்ப வேலைக்கு என்ன பண்ணுதுன்னா கேக்கறீங்க?

தெரியலீங்க.

கேக்கலீங்க. எங்கங்க கேக்க விட்டா? வாங்க, போங்க, சரிங்கன்னு பேசுனா ஒரு மனுசி எதைக் கேக்க முடியும்? நானே அங்க மூச்சு முட்டி நின்னுட்டு இருந்தேன். நீங்க ஒருத்தி, இவ்வளவு நேரம் நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, கடைசில அவ என்ன பண்றான்னு கேக்கறீங்க. நான் என்ன பண்றேன்னு கேக்கலை பாருங்க. எல்லாரும் ஒரே மாதிரித்தான். எந்தப் பக்கம் பாவம் தெரியுதோ அந்தப் பக்கமே சாஞ்சுக்கறது.

இல்லீங்க, கோவிச்சுக்கலை. நீங்க உக்காருங்க, சென்னிமலை இப்பத்தான தாண்டுது.

எனக்கு என்ன வந்துது? நாளைக்குத் திங்கக்கெழமை. நான் அதையும் விட்டு வெக்கலீங்கக்கா, ஆள் உக்காந்து எண்ட்டர் தட்டறதுகூட வேண்டாம்னு, தெனமும் விடியறப்பத் தானா ஓடற மாதிரி நேரம் குறிச்சு வெச்சுட்டேன். இன்னிக்குக் காலைலகூட நான் சிவன்மலைக்குப் பஸ்ல போயிட்டு இருக்கறேன், போன்ல மெசேஜ் வருது, எல்லா ஊரும் முடிஞ்சுதுன்னு. நாளைக்கும் ஓடும். ஊர் ஊரா, கவுண்ட்டர் கவுண்ட்டரா, ஒரு எடம் விடாம ஓடும். நான் போனாலும் ஓடும், நான் போகாட்டியும் ஓடும். அப்படி எழுதி வெச்சிருக்கறேனுங்க நான்.